கமக்காரரின் காவல் நாய்: குட்டியைப் பழக்கும் முறை



கலஹா, தெல்தோட்டை மலைச்சரிவுகளில் போஞ்சி, கோவா, தக்காளி முதலியவற்றைப் பயிரிடுவோருக்குப் பகல் வேலையோடு பாடு முடிவதில்லை. இரவில் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் வருகின்றன. விடிந்ததும் குரங்குகள் வருகின்றன. இதற்காகவே பலர் நாய் வளர்க்கின்றனர். ஆயின், நாயை வளர்ப்பது வேறு, பழக்குவது வேறு. பழக்கப்படாத நாய் பன்றியைத் துரத்தும் வேகத்தில் நாற்றுமேடையை மிதித்து அழிக்கும். அயலாரின் கோழியைப் பிடிக்கும். பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையைக் கடிக்கும். காவலுக்கென வந்த பிராணியே பெருநட்டத்திற்குக் காரணமாகிவிடும். குட்டியைப் பழக்கத் தொடங்கும் முறை இங்கே எடுத்துரைக்கப்படுகின்றது.

பழக்கம் என்பது யாது?

ருஷ்ய நாட்டு விஞ்ஞானியான பவ்லோவ், 1904ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய், பின்னர் உணவைக் காணாமலே அவ்வொலிக்கு வாயூறக் கண்டார். ஒன்றையடுத்து மற்றொன்று வந்தால் நாய் அவ்விரண்டையும் மனத்தில் இணைத்துக்கொள்ளும். தான் செய்த செயலை அடுத்து நன்மை வந்தால் அச்செயலை மீண்டும் செய்யும்; தீமை வந்தால் அதனை விட்டு விலகும். நாய்ப் பயிற்சி முழுவதும் இவ்வளவே.

இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. பொலிஸ் நாய்ப் பிரிவின் தலைமையகம் நமது கண்டி நகரின் அஸ்கிரியவிலேயே உள்ளது. 1948ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அப்பிரிவின் நாய்கள் போதைப்பொருளையும் வெடிமருந்தையும் மோப்பத்தால் கண்டுபிடிக்கின்றன. அத்தகைய அரிய வேலையைக் கற்கவல்ல பிராணிக்கு, நாற்றுமேடையை மிதியாதிருக்கக் கற்பது கடினமன்று. நாளும் தவறாத பொறுமையே வேண்டும்.

பொதுவாக நிகழும் தவறு

நாய் நாற்றுமேடையில் நிற்கின்றது. வீட்டுக்காரர் கோபத்துடன் "வா" என்று கூப்பிடுகின்றார். நாய் வாலைத் தாழ்த்திக்கொண்டு மெல்ல வருகின்றது. வந்தவுடன் அதற்கு அடி விழுகின்றது. நாற்றை மிதித்ததற்காக அடித்ததாக அவர் எண்ணுகின்றார். நாயோ, கூப்பிட்ட குரலுக்கு வந்ததனால் அடி கிடைத்தது என்றே எண்ணும். மறுநாள் "வா" என்றதும் அது ஓடிப்போகும். "என் நாய்க்குப் புத்தியில்லை" என்று அவர் குறைகூறுவார். உண்மையில் நாய் தன் பாடத்தைச் சரியாகவே கற்றுக்கொண்டது; கற்பித்த பாடமே பிழையானது.

கூப்பிட்டவுடன் வருவது நாயின் உயிரையே காக்கும் பழக்கமாகும். காட்டுப்பன்றிக்கெனச் சிலர் வைக்கும் சுருக்குக் கம்பிகள் தோட்டங்களின் ஓரத்தில் மறைந்து கிடக்கின்றன. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், நல்லத்தண்ணிப் பகுதியில் இத்தகைய கம்பியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை ஒன்று, மீட்கப்பட்ட பின்னரும் இறந்தது. சிறுத்தைக்கு நேர்ந்தது நாய்க்கும் நேரும். பன்றியின் பின்னே ஓடும் நாயை ஒரே சொல்லால் திருப்பியழைக்க முடியுமாயின், அச்சொல் மருந்திலும் மேலானது.

குட்டியைத் தெரிந்தெடுக்கும் காலம்

எட்டு வாரம் நிரம்பும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் ஆகாது. கடியின் அளவைக் குட்டி தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமுமே கற்கின்றது. மூன்று வாரம் முதல் பதினான்கு வாரம் வரையுள்ள காலம் மிக முக்கியமானது. அக்காலத்தில் அச்சமின்றிப் பழகியவற்றுக்கு நாய் பின்னர் அஞ்சுவதில்லை. ஆதலின் பிள்ளைகள், முதியோர், தொப்பி அணிந்தோர், மண்வெட்டி தாங்கியோர், ஆடுமாடு, கோழி, முச்சக்கர வண்டி ஆகிய அனைத்தையும் குட்டிக்கு மெல்ல அறிமுகஞ் செய்தல் வேண்டும். தடுப்பூசிகள் முற்றுப்பெறும் வரை, தெருநாய்கள் திரியும் இடத்தில் குட்டியைத் தரையில் விடாது கையில் ஏந்திச் செல்க. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நாய்க்கும் பொருந்தும்.

முதற் பாடங்கள்

(1) பெயர். குட்டியின் பெயரைச் சொல்லுக. அது முகத்தை நோக்கிய கணமே ஒரு துண்டு உணவு கொடுக்க. உப்பு நீங்கக் கழுவி அவித்த நெத்தலியோ, அவித்த முட்டையோ, நகத்தளவு துண்டாக இருப்பின் போதும். செயலுக்கும் பரிசுக்கும் இடையே இரண்டு நொடிக்கு மேல் செல்லலாகாது.

(2) "இரு". உணவுத் துண்டைக் குட்டியின் மூக்கருகே பிடித்து மெல்லத் தலைக்கு மேலே பின்னோக்கிக் கொண்டு செல்க. தலை நிமிர, பின்புறம் தானே தரையில் அமரும். அமர்ந்தவுடன் உணவைக் கொடுக்க. சில நாட்கள் இவ்வாறு செய்த பின்னரே சொல்லைச் சேர்க்க வேண்டும். முதுகை அழுத்தி உட்கார வைத்தல் ஆகாது.

(3) "வா". இரண்டு அடி தூரத்தில் தொடங்கி, பதினைந்து அடி நீளமான கயிற்றைக் கழுத்துப்பட்டியிற் கட்டி, நாளடைவில் தூரத்தைக் கூட்டுக. வந்த நாயை எக்காரணங்கொண்டும் அடித்தலோ ஏசுதலோ கூடாது. எவ்வளவு தாமதித்து வந்தாலும் பாராட்டுக.

(4) "விடு". மூடிய கையில் உணவை வைத்துக் காட்டுக. குட்டி முகர்ந்து, நக்கி, சலித்து விலகும் கணத்தில் மற்றக் கையால் வேறு உணவு கொடுக்க. தோட்டத்தில் நச்சுப்பொருளை வாயில் எடுக்கும் நாயைத் தடுக்க இப்பாடம் பயன்படும்.

ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை போதுமானது. உணவு வேளைக்குச் சற்று முன் பழக்குதல் நலம். குட்டி சலிப்படையும் முன் நிறுத்துக.

நம் பகுதியில் ஒரே முற்றத்தில் தமிழும் சிங்களமும் கேட்பது வழக்கம். தந்தை "இரு" என்றும், மகன் "உட்கார்" என்றும், அயலவர் சிங்களத்திலும் கட்டளையிட்டால் குட்டி குழம்பும். எம்மொழியாயினும் தவறில்லை, ஒரு செயலுக்கு ஒரே சொல் என்று வீட்டார் அனைவரும் முதலிலேயே உடன்பட வேண்டும்.

தோட்ட ஒழுங்கு

காலையும் மாலையும் குட்டியைக் கயிற்றிற் பிடித்துப் பாத்திகளுக்கு இடையேயுள்ள நடைபாதையிலும் வயல் வரம்பிலும் மட்டுமே நடத்துக. பாத்தியில் கால் வைத்தால், பேசாது நின்று, பாதைக்குத் திரும்ப அழைத்து, திரும்பியதும் பரிசளிக்க. சில வாரங்களில் பாதை எது, பாத்தி எது என நாய் அறிந்துகொள்ளும்.

உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடிந்ததும் குட்டியைக் குறித்த ஓர் இடத்திற்குக் கொண்டு சென்றால் வீட்டினுள் அசுத்தம் செய்யாது. மரக்கறிப் பாத்தி அவ்விடமாக இருத்தல் ஆகாது; நாயின் மலத்தில் புழுக்களின் முட்டைகள் உண்டு.

நத்தைக்கும் எலிக்கும் வைக்கும் நச்சு உணவு நாயையும் கொல்லும். அவற்றையும் பூச்சிநாசினிப் போத்தல்களையும் பூட்டி வைக்க. நாயை நாள் முழுவதும் சங்கிலியிற் கட்டினால் அது சினம் மிகுந்து கடிக்கும். இரவில் வெளியே கட்டுவது மேலும் அபாயமானது. மலையகத்துச் சிறுத்தைகள் நாயை இரையாகக் கொள்வன. அடைப்புள்ள கூடு அமைத்துக் கொடுக்க. நாயின் வேலை குரைத்து அறிவிப்பதே. வனவிலங்கை வேட்டையாடப் பழக்குதல் ஆகாது.

நீர்வெறுப்பு நோய்

எவ்வளவு நன்கு பழக்கிய நாயும் தடுப்பூசி இன்றேல் ஆபத்தானதே. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி இடும் முயற்சியால் அண்மைய ஆண்டுகளில் அத்தொகை ஐம்பதிற்கும் கீழே இறங்கியுள்ளது. ஆயினும், நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பவர் இல்லையென்றே கூறலாம். அரசாங்க மிருக வைத்தியர் குறிக்கும் வயதில் முதல் ஊசியையும், பின் ஆண்டுதோறும் ஒன்றையும் தவறாது இடுவிக்க. அட்டையைப் பத்திரப்படுத்துக.

நாய் கடித்தால், அது வீட்டு நாயே ஆயினும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுக. மஞ்சளோ சுண்ணாம்போ பூசாது, அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. "சிறு குட்டிதானே" என்று காலந்தாழ்த்துதல் உயிரோடு விளையாடுதலாகும்.

நினைவில் வைக்க

ஒரு செயலுக்கு ஒரே சொல், நற்செயலுக்கு உடனே பரிசு, வந்த நாய்க்கு அடியில்லை, ஆண்டுதோறும் தடுப்பூசி. இந்நான்கையும் கடைப்பிடிக்கும் கமக்காரரின் நாற்றுமேடை பிழைக்கும், அயலாரின் நட்பும் நிலைக்கும். இன்று மாலையே, ஐந்து நிமிடம் ஒதுக்கி, குட்டியின் பெயரைச் சொல்லித் தொடங்குவீர்களாக.