தோட்டக்கலைச் சில்லறைப் பொருள் மேலாளர்

தோட்டக்கலைச் சில்லறைப் பொருள் மேலாளர் என்பவர், தோட்ட மையங்களிலும் பல்பொருள் அங்காடிகளிலும் எந்தச் செடியை, எவ்வளவு, எப்போது, என்ன விலைக்கு விற்பது என முடிவு செய்பவர். சரக்கு உயிருள்ளது என்பதே இப்பணியின் சிக்கல். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கிறித்துமசை ஒட்டி விற்கப்படும் பாயின்செட்டியா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மெக்சிக்கோவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியில் சிவப்பாகத் தெரிபவை பூவிதழ்கள் அல்ல, இலைகளே. அவை சிவக்கப் பல வாரங்களுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 14 மணி நேரத் தொடர் இருள் வேண்டும். ஆகவே வளர்ப்பாளரிடம் பல மாதங்களுக்கு முன்பே எண்ணிக்கையைச் சொல்லிவிட வேண்டும். கடைசி நேரத்தில் கூட்டிக் கேட்டால் கிடைக்காது. 10 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர் பட்டால் இலைகள் உதிரக்கூடும். கண்ணில் படட்டும் என்று கடை வாசலில் அடுக்குவது அதனாலேயே தவறு. டிசம்பர் 25-க்குப் பின் மிஞ்சியவை பாதி விலைக்கும் எளிதில் போகா.