தொலைவில் ஒரு தொலைநோக்கி

நுழையும்முன்

ஞாயிற்றின் இயக்கத்தையும் வானின் பரப்பையும் கணித்துரைத்த அறிவரைப் புறநானூறு குறிப்பிடுகிறது. சென்றடைய இயலாத இடத்தை இருந்த இடத்திலிருந்தே அறிய முயல்வது தமிழர்க்குப் புதியதன்று. இன்று வானை மட்டுமன்றி, வானைக் காணும் கருவியையும் தொலைவிலிருந்தே ஆள்கிறோம். அது எவ்வாறு இயல்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒளியின் நகரமும் இருளின் மலையும்

கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி, பழுப்பு நிலக்கரியை மின்னாற்றலாக மாற்றி ஒளி தரும் நகரியம். அங்குள்ள அனல்மின் நிலையங்களில் கொதிகலனைத் தொட்டு நின்று எவரும் அதனை இயக்குவதில்லை. வெப்பம், அழுத்தம், சுழலியின் வேகம் ஆகியவற்றை உணரிகள் அளந்து அனுப்புகின்றன. கட்டுப்பாட்டு அறையில் இருப்போர் அவ்வளவுகளைக் கண்டு கட்டளை இடுகின்றனர். தொலைநோக்கியைத் தொலைவிலிருந்து இயக்குவதன் அடிப்படையும் இதுவே.

ஆயினும், நெய்வேலி போன்ற ஊர்களின் இரவில் மங்கலான விண்மீன்களைக் காண்பது அரிது. விளக்கொளி காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி வானை வெளுக்கச் செய்கிறது. ஆகவே, ஆய்வுக்குரிய தொலைநோக்கிகள் இருளைத் தேடி மலையேறுகின்றன. ஜவ்வாது மலையின் காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆனால், பருவமழைக் காலத்து மேகங்கள் அங்குப் பல இரவுகளை மறைத்துவிடுகின்றன.

மேகமும் ஈரமும் குறைந்த வானைத் தேடிய இந்திய வான் இயற்பியல் நிறுவனம், லடாக்கில் உள்ள ஹான்லேவைத் தேர்ந்தெடுத்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் விட்டமுள்ள இமாலய சந்திரா தொலைநோக்கி அங்கு நிறுவப்பட்டது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் அது முதன்முதலாக விண்ணொளியைப் பெற்றது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரையே அது தாங்கியுள்ளது.

விண்மீனுக்கு ஏற்ற அவ்விடம் மனிதனுக்கு ஏற்றதன்று. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி சமவெளியில் கிடைப்பதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடே. குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருபது பாகைக்கும் மேல் இறங்கும். உயிர்வளி குறைந்த இடத்தில் சிந்தனை தளரும், பிழைகள் நேரும். எனவே, பெங்களூருக்கு அருகிலுள்ள ஒசகோட்டையில் கட்டுப்பாட்டு மையம் அமைந்தது. 2,000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தொலைநோக்கியை, செயற்கைக்கோள் இணைப்பின் வழியே ஆய்வாளர்கள் அங்கிருந்து இயக்குகின்றனர்.

கட்டளையின் பயணம்

நிலவுலகில் ஓர் ஊரின் இருப்பிடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை என்னும் இரண்டு எண்களால் குறிப்பதுபோல, வானில் விண்மீனின் இருப்பிடத்தையும் இரண்டு எண்களால் குறிக்கலாம். ஆய்வாளர் அவ்வெண்களைத் தருகிறார். அந்நேரத்தில் அவ்விண்மீன் எத்திசையில், எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதை மென்பொருள் கணக்கிடுகிறது. மின்னோடிகள் தொலைநோக்கியைத் திருப்புகின்றன. குவிமாடமும் உடன் திரும்புகிறது. அச்சுகளில் பொருத்திய உணரிகள், கருவி உரிய கோணத்தை அடைந்ததா எனத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கின்றன.

புவி சுழல்வதால் விண்மீன்கள் நகர்வனபோலத் தோன்றும். ஒரு பாகையை 3,600 கூறுகளாக்கினால், விண்மீன் ஒரு நொடியில் பதினைந்து கூறுகள் வரை நகரும். புவிநிலைச் செயற்கைக்கோளோ ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. கட்டளை மேலே சென்று கீழிறங்கக் கால் நொடியும், அதன் விளைவு திரும்பி வர மற்றொரு கால் நொடியும் ஆகும். அந்த அரை நொடிக்குள் விண்மீன் ஏழு கூறுகள் நகர்ந்திருக்கும். நல்ல இரவில் விண்மீனின் உருவம் ஏறத்தாழ ஒரு கூறு அகலமே இருக்கும் என்பதால், அது குறியிலிருந்து முற்றிலும் விலகிவிடும்.

ஆகவே, பணி இரண்டாகப் பிரிகிறது. எதைக் காண வேண்டும் என்பதைத் தொலைவிலுள்ள மனிதர் முடிவுசெய்கிறார். அதனை நொடிதோறும் பின்தொடரும் வேலையை மலையிலுள்ள கணினியே ஏற்கிறது.

மறுக்கத் தெரிந்த மென்பொருள்

சொன்னதைச் செய்வது மட்டும் நல்ல மென்பொருளுக்கு இலக்கணமாகாது. செய்யக் கூடாததை மறுக்கவும் அது அறிந்திருக்க வேண்டும். காற்று எல்லை மீறினாலும், ஈரப்பதம் மிகுந்தாலும் குவிமாடத்தைத் திறக்கும் கட்டளையை அது ஏற்கலாகாது. தொலைநோக்கியை ஞாயிற்றை நோக்கித் திருப்பும் கட்டளையையும் தடுக்க வேண்டும். ஒளியைக் குவிக்கும் ஆடி, நெருப்பையும் குவிக்கும் அல்லவா? தொடர்பு அறுந்துபோனால், அடுத்த கட்டளைக்குக் காத்திராமல் தானே குவிமாடத்தை மூடிக்கொள்வதே பாதுகாப்பு. ஆடியில் படியும் பனி, ஓர் இரவின் ஆய்வை மட்டுமன்றி, பல்லாண்டு உழைப்பையும் கெடுக்கக்கூடும்.

தெரிந்து தெளிவோம்

ஹான்லேயில் 2018ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கிய 0.7 மீட்டர் விட்டமுள்ள குரோத்-இந்தியா தொலைநோக்கி தானியங்கி வகையைச் சேர்ந்தது. திடீரென ஒளிர்ந்து மறையும் வான்பொருள்களைப் பின்தொடர்வது அதன் முதன்மைப் பணி.

மனிதரின் இடம்

கருவி தானே இயங்கினால் மனிதர் தேவையற்றவராகிவிடுவாரா? இல்லை. பழுதை நீக்கவும் கருவிகளைப் பேணவும் பொறியாளர்களும் பணியாளர்களும் அக்கடுங்குளிரில் தங்கி உழைக்கின்றனர். அவர்களின்றி ஒசகோட்டையிலிருந்து செல்லும் கட்டளைக்குப் பயனில்லை. ஹான்லேயைச் சுற்றியுள்ள பகுதி 2022ஆம் ஆண்டு இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள சிற்றூர் மக்கள் வெளிவிளக்குகளைக் கட்டுப்படுத்தி வானின் இருளைக் காக்கின்றனர்.

விளக்கு நமக்குத் தேவை. அதனைத் தருவோர் போற்றுதற்குரியர். எனினும், வீதிவிளக்கின் ஒளி வீதியில் விழ வேண்டுமேயன்றி வானில் விழ வேண்டியதில்லை. மேற்புறம் மூடிய விளக்கு மின்னாற்றலையும் மிச்சப்படுத்தும், விண்மீன்களையும் மீட்டுத் தரும். தொலைவிலுள்ள கருவியை ஆளக் கற்ற நாம், தலைக்கு மேலுள்ள வானைக் காக்கவும் கற்க வேண்டும்.