மலருக்கும் மலேரியாவுக்கும் ஓர் உறவு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இன்று பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு மலேரியா என்பது பாடநூலில் வரும் ஒரு சொல். 1934-35ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களை இத்தீவில் பலிகொண்ட நோய் அது. 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது, காவல் தளர்ந்தது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரை நோய் மீண்டும் பற்றியது.

இந்நோயை விளைக்கும் ஒட்டுண்ணியின் பரம்பரையலகுகள் அனைத்தையும் 2002இல் அறிஞர் வாசித்து முடித்தனர். அவை ஏறத்தாழ 5,300. செங்குழியத்துள் 48 மணி நேரச் சுற்றொன்றில் அவை முறைபிறழாது ஒன்றன்பின் ஒன்றாய் இயங்குகின்றன. எது எப்போது இயங்குவது என ஏவுவன டி.என்.ஏ.யைப் பற்றிக்கொள்ளும் புரதங்களே. பிற உயிர்களில் மலிந்துள்ள அத்தகைய புரதங்களோ இங்கு மிகச் சிலவே தென்பட்டன. ஏவுவோர் இன்றி ஏவல் நடப்பது எங்ஙனம்?

2005இல் பாலாஜி, மதன் பாபு, லட்சுமிநாராயண் ஐயர், அரவிந்த் ஆகிய நால்வர் விடை கண்டனர். இவர்களுள் மதன் பாபு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திற் பயின்றவர். அவர்கள் கையாண்ட முறை மொழியறிஞர் முறையை ஒத்தது. நம் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’. ‘புலி’ அங்கு ‘ஹுலி’. ஒலி மாறினும், பல சொற்களை நிரைப்படுத்தி நோக்குவார்க்கு உறவு புலனாகும். அவ்வாறே புரதங்களின் அமினோவமில வரிசைகளை நிரைப்படுத்தியபோது, அறுபது அமினோவமிலம் அளவான ஒரு கூறு ஒட்டுண்ணியின் புரதங்கள் பலவற்றில் வெளிப்பட்டது. அதன் பெயர் ஏபி2.

வியப்பு யாதெனில், அக்கூறு முன்னர் அறியப்பட்டது தாவரங்களில். பூவின் புல்லியும் அல்லியும் உரிய வடிவில் அமைய வேண்டுமாயின் அதனையுடைய ஒரு புரதம் வேண்டும். அதன் உறவினரைப் பற்றீரியாக்களிலும் காணலாம். ஆங்கு அவை டி.என்.ஏ.யினுள் இடம்விட்டு இடம் பெயரும் துண்டுகளுக்கு உரியவை. பெயர்ச்சிக்கு உதவிய பழைய கையொன்றைத் தாவரமும் ஒட்டுண்ணியும் தத்தம் வழியில் ஏவற்பணிக்கு அமர்த்திப் பெருக்கிக்கொண்டன. கூர்ப்பு புதியதைப் படைப்பதினும் உள்ளதை வேறு தொழிலில் இடுவதையே பெரிதும் செய்கிறது.

இவ்வறிவால் வந்த பயன் சிறிதன்று. இக்குடும்பத்தில் ஏபி2-ஜி என்னும் புரதம் இல்லையேல் ஒட்டுண்ணி ஆண், பெண் வடிவங்களை உண்டாக்காது என 2014இல் நிறுவப்பட்டது. அவ்வடிவங்கள் இன்றேல் நுளம்பின் வழியே அது பிறரைச் சென்றடையாது. மனிதவுடலில் இக்குடும்பம் இல்லை. ஆதலால் நம்மைத் தாக்காது அதனை மட்டும் தாக்கும் மருந்தினை இங்குத் தேடலாம் என்பது ஆய்வாளர் நம்பிக்கை.

2016இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. ஆயினும் நோய் காவும் நுளம்பு இங்கேயே உள்ளது. பிறநாடு சென்று மீள்வோர் குருதியில் ஒட்டுண்ணியும் அவ்வப்போது வருகிறது. 1963ஐ மறவாதிருப்பது நம் கடன்.