நடுக்களத்து மசோபுஸ்ட்

கால்பந்தாட்டம் என்றால் ஊணுறக்கம் மறக்கும் நகரத்தில் நாம் வந்து குடியேறியிருக்கிறோம். கல்கத்தாவில் பிறந்த நம் பிள்ளைகள் தமிழில் ஒரு வெண்பா சொல்லத் திணறினாலும், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர்களின் பெயர்களை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். அது போகட்டும். இச்சிறுவர்களை மைதானத்தில் இரு கட்சியாகப் பிரித்து நிறுத்தினால், அத்தனை பேரும் முன்னணியில் நின்று கோல் போடவே விரும்புகின்றனர். நடுவில் நிற்கச் சொன்னால் முகம் கோணுகிறது. “அங்கே நின்றால் யார் மாமா பார்ப்பார்கள்?” என்று ஒரு பையன் என்னையே கேட்டுவிட்டான். அவனுக்கு விடையாக நான் சொல்லத் தொடங்கி, இருட்டிவிட்டபடியால் பாதியில் நிறுத்திய வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

யோசெப் மசோபுஸ்ட் 1931ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி, அந்நாளில் செக்கோஸ்லோவாக்கியா என்றிருந்த தேசத்தில், மோஸ்ட் நகரத்தை அடுத்த ஸ்த்ரிமிட்சே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சுரங்கத் தொழிலாளி. பூமிக்கடியில் நிலக்கரி மிகுந்த பிரதேசம் அது. பின்னாளில் அந்த நிலக்கரிக்காகவே ஊர் முழுவதையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். ஊரைவிட்டு வந்த நமக்காவது, சொந்த ஊர் என்று கடிதம் போட ஒரு முகவரி மிஞ்சியிருக்கிறது. அவருக்கு அதுவும் இல்லாமற் போயிற்று.

தெப்லிட்சே நகரத்துக் கட்சியில் ஆடிப் பெயர் வாங்கியவரை 1952இல் இராணுவ சேவை பிராக் நகரத்துக்கு இழுத்து வந்தது. அங்கே இராணுவத்தாரின் கட்சியில் சேர்ந்தார். பிற்பாடு டுக்லா பிராக் என்று உலகப் பிரசித்தி பெற்ற கட்சி அதுதான். அவர் காலத்தில் அக்கட்சி 8 முறை தேசிய சாம்பியன் பட்டம் பெற்றது. ஏட்டளவில் அவர் கூலிக்கு ஆடும் ஆட்டக்காரர் அல்லர், இராணுவ உத்தியோகஸ்தர். ஆகவே மேற்கு ஐரோப்பாவின் செல்வம் மிகுந்த கழகங்கள் பெட்டி நிறையப் பணம் கொணர்ந்திருந்தாலும் அவரை விலைக்கு வாங்க இயலாது. அரசாங்கம் விட்டால்தானே!

அவர் ஆடிய இடம் இடது ஹாஃப் பேக். தற்காலத்தில் நடுக்கள ஆட்டக்காரர் என்கிறோம். எதிரியிடமிருந்து பந்தைப் பறிப்பதும், பறித்ததை முன்னணிக்குக் கொண்டு சேர்ப்பதும் அவர் கடமை. வண்டி வேளைக்கு வந்து சேர்ந்தால் டிரைவரைப் புகழ்வார்கள். இருட்டில் நின்று பாயிண்ட் திருப்பியவனை எவரும் நினைப்பதில்லை. ரயில்வேயில் இருப்பவனுக்கு இந்த உவமைதான் வாய்க்கிறது. ஆனால் மசோபுஸ்ட் பந்தை வெறுமே தள்ளிவிட்டு நிற்பவர் அல்லர். ஒருபுறம் போவதுபோல் உடலைச் சாய்த்து, எதிரி அப்பக்கம் திரும்பிய கணத்தில் மறுபுறம் புகுந்து, இரண்டு மூன்று பேரை இவ்வாறே வளைந்து வளைந்து கடந்து செல்வார். பனிச்சறுக்கு வீரர்கள் கம்பங்களுக்கிடையே வளைந்து செல்வதை ஒத்திருந்தமையால் ‘மசோபுஸ்டின் ஸ்லாலம்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

தேசத்துக்காக 1954 முதல் 1966 வரை 63 ஆட்டங்கள் ஆடி 10 கோல்கள் போட்டார். 1958 உலகக் கோப்பையில் ஆடியதையும், 1960இல் ஐரோப்பியப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்றதையும் விரித்துரைக்கவில்லை. சொல்ல வேண்டியது 1962இல் சிலி நாட்டில் நிகழ்ந்தது.

ஜூன் 2ஆம் தேதி வீனா டெல் மார் நகரில் செக்கோஸ்லோவாக்கியாவும் பிரேசிலும் மோதின. முற்பாதியிலேயே பிரேசிலின் பெலேக்குத் தொடையருகே தசை கிழிந்துவிட்டது. அக்காலத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்க விதி இடம் தரவில்லை. பெலே வெளியேறினால் பிரேசில் பத்துப் பேரோடு ஆட வேண்டும். எனவே நொண்டியபடியே மைதானத்தின் ஓரத்தில் நின்றார். இவ்வித சமயத்தில் எதிர்க்கட்சியார் என்ன செய்வார்கள் என்பது நாம் அறியாததல்ல. மோதுவதற்கு விதியில் தடையில்லை. ஒரே மோதலில் உலகின் தலைசிறந்த வீரரை முற்றிலும் ஒழித்துக் கட்டியிருக்கலாம். ஆனால் பந்து பெலேயிடம் வந்தபோதெல்லாம் மசோபுஸ்ட் அருகே சென்று நின்றுவிட்டார், மோதவில்லை. பெலே பந்தைத் தம் சகாவுக்குத் தட்டிவிடும்வரை காத்திருந்தார். பொப்லுஹார், லாலா என்ற தோழர்களும் அவ்வாறே நடந்துகொண்டனர். ஆட்டம் கோலின்றி முடிந்தது. பெலே இதைத் தம் வாழ்நாளெல்லாம் நன்றியோடு சொல்லி வந்தார்.

இதை என் அலுவலக நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, “சுத்த அசட்டுத்தனம்! தேசத்துக்காக ஆடப் போனவனுக்குக் கருணை எதற்கு?” என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பந்தைப் பறிக்கவே பிறந்த ஒருவர், பறிக்கக் கூடியதைப் பறியாது நிற்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

ஹங்கேரியையும் யுகோஸ்லாவியாவையும் வென்று, ஜூன் 17ஆம் தேதி சாண்டியாகோவில் நடந்த இறுதியாட்டத்தில் அதே பிரேசிலை மீண்டும் சந்தித்தனர். பெலே ஆட முடியவில்லை. 15ஆவது நிமிஷத்தில் ஷேரர் அனுப்பிய பந்தை நோக்கிப் பின்னாலிருந்து ஓடிவந்து, முதல் கோலைப் போட்டவர் நம் மசோபுஸ்ட்! ஆனந்தம் இரண்டு நிமிஷமே. பெலேயின் இடத்தில் ஆடிய அமரில்டோ குறுகிய கோணத்திலிருந்து அடித்துச் சமன் செய்தார். பிற்பாதியில் சீட்டோவும் வாவாவும் ஆளுக்கொன்று போட, 3-1 என்று பிரேசில் வென்றது. அதுவரை மலைபோல் நின்று காத்த கோல்கீப்பர் ஷ்ரோய்ஃப் அன்று தடுமாறினார். வாவா கோல் போட்ட சமயம், உயரே வந்த பந்து அவர் கைநழுவிக் கீழே விழுந்தது. பாவம்.

1968இல், 37 வயது ஆனபின்தான் மசோபுஸ்டுக்கு அயல்நாட்டில் ஆட வாய்ப்புக் கிட்டியது. பெல்ஜியத்தின் மோலன்பீக் கழகத்துக்குச் சென்றார். பிறகு பயிற்சியாளராகி 1978இல் பிர்னோ நகரத்துக் கட்சியைத் தேசிய சாம்பியனாக்கினார். தம் நாட்டுக் கட்சிக்கும், சில காலம் இந்தோனேசியக் கட்சிக்கும் பயிற்சியளித்தார். 2015ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி பிராக் நகரில் 84ஆம் வயதில் காலமானார்.

அந்தப் பையனிடம் சொல்லாது விட்ட பகுதி ஒன்று எஞ்சியிருக்கிறது. 1962ஆம் ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய பொற்பந்து விருது, கோல் மழை பொழிந்த பெருமக்கள் பலர் இருக்க, இந்த ஹாஃப் பேக்குக்கே கிடைத்தது. இரண்டாவதாக வந்தவர் போர்த்துகலின் யூசேபியோ. செக் வீரர் மற்றொருவருக்கு அப்பரிசு கிட்ட 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த பாவெல் நெட்வேத்தும் நடுக்களத்தவரே. இக்காலத்தில் இவ்விருதை வழங்கும் ஆடம்பரத்தைச் சொல்லி முடியாது. மசோபுஸ்டுக்கோ, 1963இல் பிராக் நகரில் பென்ஃபிக்காவுடன் ஆட்டம் தொடங்குமுன் மைதானத்திலேயே கொடுத்தார்கள். எதிர்க்கட்சியிலிருந்த யூசேபியோ கைகுலுக்கினார். அவ்வளவே வைபவம். ஆட்டம் முடிந்ததும் பொற்பந்தைத் தம் விளையாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, டிராமில் ஏறி வீட்டுக்குப் போனதாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.