ரிசப்ஷனில் குத்திய கம்பி... முதல் கார்செட் வாங்கும் முன் கொஞ்சம் கவனிங்க!

தோழியின் ரிசப்ஷன். மேடையேறி போட்டோ எடுக்க வரிசையில் நிற்கிறோம். எனக்கு முன்னால் நாற்பது பேராவது இருப்பார்கள். இடது விலாவுக்குக் கீழே ஏதோ சுருக்கென்று குத்தியது. சேஃப்டி பின்னாக இருக்கும் என்று நினைத்து லேசாக நெளிந்தேன். இன்னும் ஆழமாகக் குத்தியது. பாத்ரூமுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், லெஹங்காவுக்கு மேட்ச்சாக ஆசைப்பட்டு ஆன்லைனில் 799 ரூபாய்க்கு வாங்கிய கார்செட்டின் உள்ளேயிருந்த பிளாஸ்டிக் பட்டை இரண்டாக மடங்கி, லைனிங் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தோழியின் சித்திதான் நகவெட்டியால் அந்த முனையை வெட்டி, கர்ச்சீப்பை மடித்து இடையில் வைத்து அனுப்பினார். போட்டோவில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது ரிசப்ஷன், பிரீ-வெட்டிங் ஷூட், காலேஜ் ஃபேர்வெல் என எங்கு பார்த்தாலும் கார்செட் பிளவுஸ், கார்செட் டாப். ரீல்ஸைத் திறந்தால் பத்தில் ஒன்று அதுதான். முதல்முறை வாங்குபவர்கள் நான் செய்த தப்பைச் செய்யாமல் இருக்கட்டும் என்று, அந்தக் காயம் ஆறிய பிறகு உட்கார்ந்து படித்தது, கேட்டது, தொட்டுப் பார்த்தது எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

மூன்று பொருள், ஒரே பெயர்

முதல் குழப்பமே பெயரில்தான். மெடிக்கல் ஷாப்பில் போய் 'கார்செட் இருக்கா?' என்று கேட்டேன். கடைக்கார அண்ணா, முதுகுவலிக்குப் போடும் எல்.எஸ். பெல்ட்டை எடுத்து வைத்து, 'டாக்டர் சீட்டு இருக்காம்மா?' என்றார். அவர் சொன்னதும் சரிதான். அதற்கும் கார்செட் என்ற பெயர் உண்டு. ஆனால், அது சிகிச்சைக்கானது. டாக்டர் சொன்னால் மட்டும் போட வேண்டியது.

இரண்டாவது, 'வெயிஸ்ட் டிரெய்னர்'. ரப்பர் மாதிரி இழுபடும் லேடெக்ஸ் துணியில், முன்பக்கம் வரிசையாகக் கொக்கி வைத்து வரும். 'பத்தே நாளில் இடுப்பு குறையும்' என்று விற்பது இதைத்தான். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், சொல்லியே ஆக வேண்டும்.

மூன்றாவதுதான் நிஜமான கார்செட். இழுபடாத துணி, உள்ளே வரிசையாக ஸ்டீல் பட்டைகள், பின்பக்கம் நாடா. மார்பையும் சேர்த்து மூடினால் ஓவர்பஸ்ட், மார்புக்குக் கீழே நின்றுவிட்டால் அண்டர்பஸ்ட். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு அண்டர்பஸ்ட்தான் என் சிபாரிசு. மார்பளவு சரியாக உட்காருமா என்ற தலைவலி இல்லை. பிளவுஸுக்கு மேலேயும் போடலாம், ஷர்ட்டுக்கு மேலேயும் போடலாம்.

'பிரிட்ஜர்டன்' இரண்டாவது சீசன் 2022-ல் வந்தபோது நம்மவர்கள் கொண்டாடினோமே, நாயகியாக நடித்த சிமோன் ஆஷ்லி... தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்தவர். முதல்நாள் ஷூட்டிங்குக்குத் தெம்பு வேண்டும் என்று வயிறு நிறைய மீன் சாப்பிட்டுவிட்டு கார்செட்டை இறுக்கிக் கட்ட, குமட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். தோள்வலியால் பட்ட அவஸ்தையையும் சொன்னார். காஸ்ட்யூம் டிசைனர்கள் கூடவே இருக்கும் செட்டிலேயே அப்படியென்றால், கார்ட்டில் போட்டு 'பை நவ்' தட்டும் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டாமா?

ஃபிரிட்ஜ் காந்தம் சொல்லும் உண்மை

கார்செட்டின் தரம் வெளியே தெரியும் சாட்டினிலோ லேஸிலோ இல்லை. உள்ளே இருக்கும் பட்டைகளில் இருக்கிறது. ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் இதற்குத் திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுத்த பலீன் என்ற பொருளைப் பயன்படுத்தினார்கள். பெயர்தான் திமிங்கில எலும்பு. நிஜத்தில் அது எலும்பே இல்லை, நம் நகத்தில் இருக்கிறதே, அதே கெரட்டின். பிறகு அந்த இடத்துக்கு ஸ்டீல் வந்தது.

நல்ல கார்செட்டில் இரண்டு வகை ஸ்டீல் இருக்கும். ஒன்று, ஸ்கேல் மாதிரித் தட்டைப் பட்டை. நேராக நிமிர்ந்து நிற்க வேண்டிய முதுகுப் பக்கத்தில், நாடா ஓட்டைகளுக்கு இரு பக்கமும் இதை வைப்பார்கள். இன்னொன்று ஸ்பைரல் ஸ்டீல். கம்பியைச் சுருளாகச் சுற்றித் தட்டையாக்கியது. முன்னும் பின்னும் வளையும், பக்கவாட்டிலும் வளையும். வளைவான விலாப்பக்கத்துக்கு இதுதான் சுகம். தரமான அண்டர்பஸ்ட் கார்செட்டுகள் பலவற்றில், எல்லாம் சேர்த்து இருபது பட்டைகளுக்கு மேல் இருக்கும்.

இதைச் சோதிக்க ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் போதும். துணிக்கு மேலேயே ஒவ்வொரு பட்டையாக வைத்துப் பாருங்கள். ஒட்டினால் ஸ்டீல். ஒன்றிரண்டில் ஒட்டியதும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். முதுகில் மட்டும் ஸ்டீல் வைத்துவிட்டு மற்றதெல்லாம் பிளாஸ்டிக்காக விட்டுவிடுவதும் உண்டு. என்னுடைய 799 ரூபாய் கார்செட்டில் காந்தம் எங்குமே ஒட்டவில்லை, கீழே விழுந்தது. பிளாஸ்டிக் எல்லாமே மோசம் என்றும் சொல்ல மாட்டேன். திமிங்கிலப் பட்டைக்கு மாற்றாகவே தயாரிக்கப்படும் நல்ல பிளாஸ்டிக்கும் இருக்கிறது. பழைய கால உடைகளைத் தைப்பவர்கள் விரும்பி வாங்குவார்கள். மலிவு விலை டாப்களில் வருவது அது இல்லை. உடம்புச் சூட்டில் வளைந்து, வளைந்தபடியே நின்றுவிடும் ரகம்.

அடுத்து, உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இடுப்பு குறுகும் இடத்தில் குறுக்காக ஓர் இன்ச் அகலத்துக்கு நாடா வைத்துத் தைத்திருக்கிறார்களா? 'வெயிஸ்ட் டேப்' என்பார்கள். நாம் நாடாவை இழுக்கும்போது மொத்த இழுவையும் விழுவது அந்த இடத்தில்தான். அந்தப் பட்டி இல்லாவிட்டால் நாளாக நாளாகத் துணி இளகும், தையல் பிரியும். சில கார்செட்டுகளில் அது இரண்டு துணிக்கு நடுவே மறைந்திருக்கும். அப்படியென்றால் விரலால் தடவினாலே தடிப்பு தெரியும்.

துணியைக் குறுக்கே பிடித்து இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி இழுபட்டால் வேண்டாம். கார்செட்டுக்கென்றே கூட்டில் என்று ஒரு நெருக்கமான காட்டன் துணி இருக்கிறது. அது கிடைக்காவிட்டாலும், உள்ளே கெட்டியான, இழுபடாத காட்டன் ஒரு லேயராவது இருக்க வேண்டும். வெறும் சாட்டினும் மெல்லிய லைனிங்கும் என்றால், அது கார்செட் டிசைனில் தைத்த டாப், அவ்வளவுதான். இரண்டு மணி நேரப் போட்டோவுக்கு அதுவே போதும் என்றால் தாராளமாக வாங்குங்கள். இறுக்கிக் கட்ட மட்டும் நினைக்காதீர்கள்.

நாடா ஓட்டைகளின் பின்பக்கத்தில் வாஷர் வைத்து அடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். முருங்கைப்பூ மாதிரி விரிந்து கிழிந்த ஓரத்தோடு இருந்தால், நாடாவையும் அறுக்கும், முதுகையும் கீறும்.

ஜீன்ஸ் சைஸும் பாவாடை சைஸும் உதவாது

எஸ், எம், எல் என்று மட்டும் சைஸ் போட்டிருக்கிறதா? ஃப்ரீ சைஸா? அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். நல்ல கார்செட் இன்ச் கணக்கில்தான் வரும். அதிலும் 28 என்று போட்டிருந்தால், பின்பக்க நாடாவை முழுசாக மூடினால் கார்செட்டின் இடுப்பு 28 இன்ச் என்று அர்த்தம். உங்கள் இடுப்பளவு 28 என்று அர்த்தமில்லை.

அளவெடுக்க அக்காவைக் கூப்பிட்டேன். அவள் இன்ச் டேப்பை நேராகப் பாவாடை நாடா கட்டும் இடத்தில் வைத்தாள். நாம் எல்லோரும் இடுப்பு என்று நினைப்பது அதைத்தான். டெய்லர் எடுப்பதும் அங்கேதான். கார்செட்டுக்கு வேண்டிய இடுப்பு அதற்கும் மேலே. நின்றபடி பக்கவாட்டில் சாய்ந்தால் ஒரு மடிப்பு விழுமே, அந்த இடம். எனக்கு இரண்டுக்கும் நாலு இன்ச் வித்தியாசம். ஜீன்ஸ் சைஸைப் பார்த்து ஆர்டர் போட்டதுதான் என் முதல் தப்பு என்று அப்போதுதான் புரிந்தது.

இடுப்போடு இன்னும் மூன்று அளவு வேண்டும். பிளவுஸின் கீழ்ப்பட்டி உட்காரும் விலா அளவு, கார்செட்டின் கீழ் விளிம்பு வந்து நிற்கும் இடத்தின் சுற்றளவு, பிறகு உயரம். உயரத்தை நின்றுகொண்டு எடுக்காதீர்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மார்புக்குக் கீழிருந்து தொடை தொடங்கும் மடிப்பு வரை எடுங்கள். கார்செட் அதைவிட ஓர் இன்ச்சாவது குட்டையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உட்காரும்போது கீழ் விளிம்பு தொடையில் இடிக்கும், மேல் விளிம்பு மார்பைத் தூக்கும். பந்தியில் உட்கார முடியாது!

என் இயல்பான இடுப்பு 32. முதல்முறை வாங்குகிறவர்கள் அதைவிட மூன்று, நான்கு இன்ச் குறைவான சைஸ் எடுப்பது வழக்கம். அந்தக் கணக்கில் எனக்கு 28. நாலு இன்ச் நசுக்கப் போகிறோமோ என்று பயப்பட வேண்டாம். பின்பக்கம் இரண்டு இன்ச் இடைவெளி விட்டுக் கட்டுவதுதான் முறை. ஆக, நிஜத்தில் குறைவது இரண்டு இன்ச்தான். அந்த இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில், ரயில் தண்டவாளம் மாதிரி இருந்தால் அளவு சரி. மேலே அகன்று கீழே குறுகினாலோ, நடுவில் மட்டும் அகன்றாலோ அந்த கார்செட் உங்கள் உடம்புக்கு வெட்டியது இல்லை. திருப்பி அனுப்பிவிடுங்கள். ஆர்டர் போடும்போதே ரிட்டர்ன் உண்டா என்று பார்த்துவிடுங்கள். விற்பவருக்கு ஒரு மெசேஜ் தட்டி, எத்தனை ஸ்டீல், வெயிஸ்ட் டேப் இருக்கிறதா, விலா அளவு என்ன என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் நான் இனி வாங்குவதாக இல்லை.

'இதைப் போட்டா வயிறு குறையுமாடி?'

அளவெடுத்து முடித்ததும் அக்கா மெதுவாகக் கேட்டாள். அவளுக்குக் குழந்தை பிறந்து அப்போது ஐந்து மாதம். வருகிறவர்கள் எல்லாம் குழந்தையைப் பார்த்த கையோடு அவள் வயிற்றையும் பார்த்து, 'இன்னும் இறங்கலையே' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒரு ரீலைப் பார்த்து வெயிஸ்ட் டிரெய்னர் வாங்கி, யாருக்கும் சொல்லாமல் நைட்டிக்குள் தினமும் எட்டு மணி நேரம் போட்டிருக்கிறாள். 'தும்மினா லேசா கசியுதுடி. வெளிய போகவே பயமா இருக்கு' என்றபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாளே டாக்டரிடம் போனோம். அவர் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். அந்த மேடம் முதலில் செய்தது அந்த பெல்ட்டைக் கழற்றச் சொன்னதுதான். பிரசவத்தில் இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். வயிற்றைச் சுற்றி இறுக்கினால் அந்த அழுத்தம் கீழே போய் அந்தத் தசைகள் மேல்தான் இறங்கும் என்று, பற்பசை ட்யூபின் நடுவில் அமுக்கிக் காட்டுவது மாதிரிக் கையால் காட்டினார். ஆபரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் துணி பெல்ட் வேறு, அதை எத்தனை நாள் போடுவது என்று அவர்களே சொல்வார்கள். இது வேறு. அக்காவுக்குத் தசைப் பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். இப்போது பரவாயில்லை. தும்மும்போது இன்னும் நின்று நிதானிக்கிறாள்.

கார்செட்டோ, வெயிஸ்ட் டிரெய்னரோ, எதுவும் கொழுப்பைக் கரைக்காது. போட்டிருக்கும்வரை சதை இடம் மாறி நிற்கும், கழற்றினால் பழைய இடத்துக்கு வந்துவிடும். கர்ப்பிணிகள், சமீபத்தில் பிரசவமோ வயிற்றில் ஆபரேஷனோ ஆனவர்கள், குடலிறக்கம், நெஞ்செரிச்சல், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். ஸ்கூல் படிக்கும் பெண்கள் டிசைனுக்காகத் தளர்வான டாப் போடலாம். ஸ்டீல் வைத்து இறுக்குவது வளரும் உடம்புக்கு வேண்டாம்.

கட்டும்போதும் அவசரம் ஆகாது. முதலில் பின்நாடாவை நன்றாகத் தளர்த்திவிட்டு, முன்பக்கக் கொக்கியை மாட்ட வேண்டும். கழற்றும்போதும் அப்படியே, நாடாவைத் தளர்த்தாமல் கொக்கியில் கை வைத்தால் அது வளைந்துவிடும். புது கார்செட்டை முதல்நாளே முழுசாக இறுக்காமல், சில நாள்கள் ஒன்றிரண்டு மணி நேரம் தளர்வாகப் போட்டுப் பழக்குங்கள். துணியும் உடம்பும் ஒன்றுக்கொன்று பழகும். மரத்துப் போவது, சுருக்கென்று குத்துவது, மூச்சு முட்டுவது... எது வந்தாலும் உடனே கழற்றிவிடுங்கள். தூங்கும்போது வேண்டாம். விருந்துச் சாப்பாட்டுக்கு முன் தளர்த்திவிடுங்கள். சிமோன் ஆஷ்லி பட்டது போதும்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு டிப்ஸ். உள்ளே மெல்லிய காட்டன் பனியன் போடாமல் கட்டாதீர்கள். வியர்வை இறங்கினால் ஸ்டீல் துருப்பிடிக்கும். கழற்றியதும் ஃபேன் காற்றில் விரித்துப் போடுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் கதை முடிந்தது.

போன மாதம் இரண்டாவது கார்செட் வந்தது. முன்னதைவிட ஐந்து மடங்கு விலை, அதனால் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பிரித்ததும் முதல் வேலையாக அக்கா ஃபிரிட்ஜிலிருந்து காந்தத்தை எடுத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு பட்டையாக வைத்து எண்ண ஆரம்பித்தாள். மொத்தம் 22. எல்லாமே ஒட்டியது.