எங்கள் எம்.பி. எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்?

1999 ஏப்ரல் 17 அன்று மக்களவையில் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. அப்போது கடலூர் எம்.பி.யாக இருந்தவர் அ.தி.மு.க.வின் எம்.சி.தாமோதரன், ஆதரவை விலக்கிக்கொண்டு அந்த நெருக்கடியைத் தொடங்கி வைத்ததே அவருடைய கட்சிதான். பக்கத்துத் தொகுதியான சிதம்பரத்தில் பா.ம.க.வின் தலித் எழில்மலை. வாஜ்பாய் அமைச்சரவையில் சுகாதாரத் துறை இணையமைச்சராக இருந்தவர். ஒருவர் கட்சி அரசைக் கவிழ்க்கும் பக்கம், மற்றவர் கட்சி காப்பாற்றும் பக்கம். (எழில்மலை பிறகு அ.தி.மு.க.வுக்குப் போய் 2001 திருச்சி இடைத்தேர்தலில் ஜெயித்தது தனிக்கதை.) அந்தக் கவிழ்ப்பால் வந்த தேர்தலில்தான் தொல்.திருமாவளவன் முதன்முறையாக சிதம்பரத்தில் நின்றார், தோற்றார்.

இருபத்தைந்து வருடத்துக்கும் முந்தைய அந்த நாளில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதைவிட நெருக்கமான ஒரு விஷயத்தைக் கேட்டுப் பாருங்கள். இன்று சிதம்பரம் காவல் நிலையத்தில் ஒருவர் மீது வழக்குப் பதிந்தால், அது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகளில்தான் பதிவாகும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த அந்தச் சட்டத்துக்கு உங்கள் எம்.பி. ஆதரவாக ஓட்டுப் போட்டாரா, எதிர்த்தாரா?

பதில்: போடவே இல்லை. போடும் நிலையிலும் இல்லை. 2023 டிசம்பர் 19 அன்று மக்களவையில் ஒரே நாளில் 49 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தப் பட்டியலில் சிதம்பரம் எம்.பி. திருமாவளவனும் இருந்தார், அப்போது ஆரணி எம்.பி.யாக இருந்து 2024-ல் கடலூரில் வென்ற எம்.கே.விஷ்ணு பிரசாத்தும் இருந்தார். நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் பற்றி உள்துறை அமைச்சர் அவையில் பேச வேண்டும் என்று கேட்டுக் கூச்சலிட்டார்கள் என்பது காரணம். மறுநாள், டிசம்பர் 20 அன்று, மூன்று குற்றவியல் மசோதாக்களும் குரல் வாக்கில் நிறைவேறின. உள்ளே இருந்தவர்களும் பெயர் சொல்லி ஓட்டுப் போடவில்லை. ஆக, அந்தச் சட்டங்களுக்கு யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்ற பெயர்ப்பட்டியலே கிடையாது.

இது அபூர்வமான விபத்து என்று நினைக்க வேண்டாம். நம் நாடாளுமன்றத்தின் அன்றாட வழக்கமே குரல் வாக்குதான். மசோதாவை ஆதரிப்போர் ‘ஆம்’ என்பார்கள், எதிர்ப்போர் ‘இல்லை’ என்பார்கள். எந்தச் சத்தம் பலமாகக் கேட்டது என்று சபாநாயகர் தம் காதை நம்பி அறிவிப்பார். யாராவது ஆட்சேபித்து ‘டிவிஷன்’ கேட்டால்தான் அடுத்த கட்டம்: மணி மூன்றரை நிமிடம் அடிக்கும், வெளியே இருப்பவர்கள் ஓடி வருவார்கள், கதவுகள் மூடப்படும், பிறகு ஓட்டு. அப்போதும் சபாநாயகருக்கு ஒரு வழி இருக்கிறது. டிவிஷன் அநாவசியமாகக் கேட்கப்படுகிறது என்று அவர் கருதினால், உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணி முடிவைச் சொல்லிவிடலாம். அப்படி எண்ணும்போது பெயர்கள் பதிவாகக் கூடாது என்று மக்களவை விதி 367 சொல்கிறது.

பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒவ்வொரு இருக்கையிலும் பச்சை, சிவப்பு, மஞ்சள் பொத்தான்கள் இருந்தன. ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, நடுநிலைக்கு மஞ்சள். முதல் மணி ஒலித்ததும் ஒரு கையால் வாக்குத் தொடக்கப் பொத்தானையும் மறு கையால் வண்ணப் பொத்தானையும் ஒருசேர அழுத்தி, இரண்டாவது மணி கேட்கும் வரை பத்து விநாடி விடாமல் பிடித்திருக்க வேண்டும். தவறியவர்கள் சீட்டு வாங்கி எழுதிக் கொடுக்கலாம். புதிய கட்டடத்திலும் சீட்டுக்கு வேலை குறையவில்லை. 2024 டிசம்பர் 17 அன்று ‘ஒரே நாடு ஒரே தேர்தல்’ மசோதாவை அறிமுகம் செய்ய நடந்த வாக்கெடுப்பில் மின்னணுப் பலகை முதலில் காட்டியது 220-க்கு 149. சீட்டுகளைச் சேர்த்து எண்ணிய பிறகு 269-க்கு 198. இரண்டு பக்கமும் சரியாக 49 கூடியிருந்தது! அவைக் குறிப்பில் பெயர்கள் அகரவரிசையில் வரும். கூடவே இன்னின்னார் சீட்டு வழியாகத் தம் ஓட்டைத் திருத்திக்கொண்டார்கள் என்று அடிக்குறிப்பும் வரும்.

அரசியலமைப்புத் திருத்த மசோதா என்றால் பெயர்ப்பதிவு கட்டாயம் நடந்தாக வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்திருந்து ஓட்டுப் போடுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்ற இரட்டைக் கணக்கை உறுதி செய்ய வேறு வழியில்லை. மற்ற மசோதாக்களில் எதிர்க்கட்சிகள் விடாப்பிடியாகக் கேட்கும்போது நடக்கும்: 2019-ல் ஜம்மு காஷ்மீர் மறுசீரமைப்பு 370-க்கு 70, அதே ஆண்டு குடியுரிமைத் திருத்தம் 311-க்கு 80, 2025 ஏப்ரலில் வக்ஃபு திருத்தம் 288-க்கு 232. இப்படி நாடே கொதிக்கும் விவகாரங்கள் போக மீதியெல்லாம் சத்தத்தில் கரைந்துவிடும். 2020 செப்டம்பரில் வீராணம் பாசன விவசாயிகளையும் தொட்ட வேளாண் சட்டங்கள் அப்படித்தான் போயின. செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டும் குரல் வாக்கிலேயே முடித்தார்கள். அதைக் கண்டித்து அமளி செய்த எட்டு பேர் மறுநாள் இடைநீக்கம் ஆனார்கள்.

பிரிட்டனில் காமன்ஸ் சபை 1836 முதலே பிரிவு வாக்கெடுப்புப் பட்டியலைத் தானே வெளியிடுகிறது. அமெரிக்காவில் ஒரு பிரதிநிதி பத்து வருடத்துக்கு முன் எதற்குத் தலையாட்டினார் என்பதைத் தேர்தல் நேரத்தில் எதிராளி துண்டறிக்கையாகவே அச்சடிப்பார். இந்தியாவில் பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனம் எம்.பி.க்களைப் பற்றித் தொகுத்துத் தருவது வருகைப் பதிவு, கேள்விகள், விவாதங்கள், தனிநபர் மசோதாக்கள். ஓட்டுப் பதிவு அந்த வரிசையில் இல்லை. ‘எங்கள் எம்.பி.க்கு 90 சதவீத வருகை’ என்று ஃப்ளெக்ஸ் வைக்கலாம். வருகையைப் பதிந்துவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அந்த எண் சொல்லாது.

பெயர் பதிவான ஓட்டுக்கும் இன்னொரு சிக்கல் உண்டு. அது எம்.பி.யின் ஓட்டா, கட்சியின் ஓட்டா? 1985-ல் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த 52-வது திருத்தத்தின்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, ஓட்டுப் போடாமல் ஒதுங்கினாலோ பதவி போகும். 15 நாளுக்குள் கட்சி மன்னித்தால் தப்பிக்கலாம். ஆகவே கடலூரின் கருத்து வேறு, கட்சியின் கருத்து வேறு என்று ஆனாலும் எம்.பி.யின் விரல் கட்சி சொன்ன பொத்தானில்தான் இருக்கும். காங்கிரஸின் மணீஷ் திவாரி, நம்பிக்கை வாக்கெடுப்பு போன்ற அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் ஓட்டுகளுக்கு மட்டும் கொறடாவை வைத்துக்கொண்டு மற்றவற்றில் எம்.பி.க்களை விட்டுவிடலாம் என்று 2010-லும் 2021-லும் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். சட்டமாகவில்லை. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டுக்குமே கொறடா வசதியானது என்பதால் இதில் யாருக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை.

சிதம்பரத்தில் இதற்கு ஒரு விநோதமான பக்கமும் இருக்கிறது. 2009-ல் வென்றபோது விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக்கு (வி.சி.க.) மக்களவையில் இருந்த ஒரே உறுப்பினர் திருமாவளவன். கட்சித் தலைவரும் அவர், உறுப்பினரும் அவர். 2019-ல் அவர் பானைச் சின்னத்தில் நின்று 3,219 ஓட்டு வித்தியாசத்தில் தப்பிக் கரையேறினார். அதே கட்சியின் து.ரவிக்குமார் விழுப்புரத்தில் உதயசூரியனில் நின்றதால் அவைப் பதிவேட்டில் தி.மு.க. உறுப்பினர். ஒரே கட்சி அலுவலகத்திலிருந்து போன இருவரில் ஒருவருக்குத் தி.மு.க. கொறடா, மற்றவருக்கு அவரே கொறடா! 2024-ல் இருவருமே பானையில் வென்ற பிறகுதான் இந்தக் குழப்பம் தீர்ந்தது.

வெளிநடப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 2019 ஜனவரி 8 அன்று பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத இட ஒதுக்கீட்டு மசோதா மக்களவைக்கு வந்தது. அப்போது கடலூர் எம்.பி. ஆ.அருண்மொழித்தேவன், சிதம்பரம் எம்.பி. மா.சந்திரகாசி, இருவரும் அ.தி.மு.க. அந்தக் கட்சியின் சார்பில் தம்பிதுரை மசோதாவைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார். ஓட்டு நேரத்தில் கட்சி வெளிநடப்பு செய்தது. முடிவு 323-க்கு 3. ஊரில் இதை ‘எதிர்த்தோம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். கணக்கு வேறு சொல்கிறது. மூன்றில் இரண்டு பங்கு என்பது ஓட்டுப் போட்டவர்களை வைத்துத்தான். வெளியே போனவர்கள் அந்தத் தொகையைக் குறைத்தார்களே தவிர, எதிர்ப்பில் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. எதிர்த்து ஓட்டுப் போட்ட அந்த மூன்று பேர் அசதுதீன் ஒவைசியும் கேரளத்தின் முஸ்லிம் லீக் எம்.பி.க்கள் இருவரும்.

ஓட்டுப் பதிவு இப்படி மெலிந்து கிடக்க, எம்.பி.யின் பேச்சு மட்டும் நாள்தோறும் நம் கைபேசிக்கு வந்து சேர்கிறது. மூன்று நிமிடப் பேச்சைச் சன்சத் டிவியிலிருந்து வெட்டி, பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டு, அவை முடிவதற்குள் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இறக்கிவிடுகிறார்கள். அமைச்சரைச் சந்தித்து மனுக் கொடுக்கும் படம் அடுத்தது. இதை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. அரசியலமைப்பின் 120-வது பிரிவின்படி அவை அலுவல் இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் நடக்கும். தாய்மொழியில் பேச அவைத் தலைவர் அனுமதி தரலாம். தமிழில் பேசினாலும் அச்சாகும் நடவடிக்கைக் குறிப்பில் ஆங்கில மொழிபெயர்ப்புதான், மேலே ஒரு நட்சத்திரக் குறியோடு. அமைச்சகம் தரும் பதிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான். காட்டுமன்னார்கோவிலில் இருக்கும் ஒருவர் தம் எம்.பி.க்கு என்ன பதில் வந்தது என்று தமிழில் படிக்க வேண்டுமானால், எம்.பி.யே எழுதிப் போட்டால்தான் உண்டு. சாதகமான பதில் மட்டும் பதிவாக வருவதில் ஆச்சரியம் என்ன?

2023 ஜூலை கடைசி வாரத்தை எடுத்துக்கொள்வோம். ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பழுப்பு நிலக்கரி எடுக்கும் என்.எல்.சி. நிறுவனம் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக விளைந்து நின்ற நெற்பயிர் மீது மண்வெட்டும் இயந்திரங்களை இறக்கியது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டுவிட்டது என்றது நிறுவனம். வளையமாதேவி இருக்கும் புவனகிரி சட்டமன்றத் தொகுதி சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் வருகிறது, என்.எல்.சி.யின் தலைமையகம் இருக்கும் நெய்வேலி கடலூர்த் தொகுதியில். 28-ம் தேதி நெய்வேலியில் பா.ம.க.வின் அன்புமணி தலைமையில் நடந்த முற்றுகைப் போராட்டம் கல்வீச்சிலும் வானத்தை நோக்கிய துப்பாக்கிச் சூட்டிலும் முடிந்தது. அதே 28-ம் தேதி டெல்லியில், மணிப்பூர் அமளிக்கு நடுவே, கனிமங்கள் திருத்த மசோதாவை மக்களவை குரல் வாக்கில் நிறைவேற்றியது. அது லித்தியம் போன்ற கனிமங்களைப் பற்றியது, பழுப்பு நிலக்கரியைப் பற்றியதல்ல. ஆனாலும் சுரங்கத்தால் நிலம் இழந்த இரண்டு தொகுதிகளின் எம்.பி.க்கள் ஒரு சுரங்கச் சட்டத்தில் எந்தப் பக்கம் என்பது எங்கும் பதிவாகவில்லை. பயிர் இழந்தவர்களுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம்.

அதற்கு நான்கு மாதம் முன்பு சேத்தியாத்தோப்பு கிழக்கு உள்ளிட்ட மூன்று டெல்டாப் பகுதிகள் நிலக்கரி ஏலப் பட்டியலில் இடம்பெற்றபோதும் ஓட்டு எதுவும் நடக்கவில்லை. முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், கட்சிகள் குரல் கொடுத்தன, ஒன்றிய அமைச்சர் பிரகலாத் ஜோஷி அவற்றை விலக்குவதாக அறிவித்தார். 2024 ஜூலையில் மைசூரு – மயிலாடுதுறை எக்ஸ்பிரஸ் கடலூர் துறைமுகம் வரை நீண்டதும் மனு மேல் மனு கொடுத்துத்தான். தொகுதிக்கு நேரடியாகக் கிடைப்பவை பெரும்பாலும் இந்த வழியில் வருவதால், எம்.பி.க்களும் கடிதத்தையும் படத்தையும் முன்னால் வைக்கிறார்கள், வாக்காளரும் அதையே கேட்கிறார்கள்.

எம்.பி.யின் கையில் கொறடா எட்டாத ஒரு கருவி இருக்கிறது: கேள்வி. ஒருநாளைக்கு ஐந்து கேள்விகள் வரை நோட்டீஸ் கொடுக்கலாம். குலுக்கலில் வரிசை முடிவாகும். நட்சத்திரக் கேள்விகள் 20 மட்டுமே, அவற்றுக்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். மற்ற 230-க்கு எழுத்தில் பதில். என்.எல்.சி.க்கு நிலம் கொடுத்த குடும்பங்களில் எத்தனை பேருக்கு நிரந்தர வேலை கிடைத்தது, ஒப்பந்தத் தொழிலாளர்கள் எத்தனை பேர், பரவனாற்றில் விடப்படும் சுரங்கத் தண்ணீர் எவ்வளவு என்று எந்தக் கட்சி எம்.பி.யும் கேட்கலாம். அமைச்சகம் தரும் எண் அவை ஆவணமாகிவிடும். நீதிமன்றத்திலும் பேச்சுவார்த்தை மேசையிலும் எடுத்து வைக்கலாம். சன்சத் இணையதளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டால் அவர் கேட்ட கேள்விகளும் வந்த பதில்களும் தேதிவாரியாக வரும். பேசியவையும் அங்கேயே கிடைக்கும். ஓட்டைத் தேடுவதுதான் கஷ்டம். எந்த மசோதா, எந்தத் தேதி என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். பிறகு அன்றைய முழு நடவடிக்கைக் குறிப்பை இறக்கி, நூற்றுக்கணக்கான பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய், ஆங்கிலத்தில் அச்சான இரண்டு பத்திப் பெயர்களுக்கு நடுவே கடலூர்க்காரரையும் சிதம்பரத்துக்காரரையும் கண்டுபிடிக்க வேண்டும். அதுவும் அன்று யாராவது டிவிஷன் கேட்டிருந்தால்.