மின்சாரக் காருக்கு “ஓல் வெதர்” ரயர்: வாங்கமுதல் தெரிந்திருக்க வேண்டியவை

கனடாவில் எங்கள் ஆட்களில் பலர் இப்போது மின்சாரக் கார் ஓடுகிறார்கள். வந்து நாலைந்து வருடமான குடும்பங்கள்கூட, பெற்றோல் காசு மிச்சம் எண்டு சொல்லி நிசான் லீஃப், ஷெவ்ரொலே போல்ட், ஹியுண்டாய் கோனா போன்ற கார்களைப் பாவித்ததாக வாங்குகிறார்கள். கார் வாங்கும்போது பற்றரியைப் பற்றி எல்லாரும் விசாரிப்பார்கள். ரயரைப் பற்றி விசாரிப்பவர்கள் குறைவு. முதல் சினோ விழுந்து, விடியக்காலை ஐந்து மணி வேலைக்குப் போகும் வழியில் சிவப்பு விளக்கில் கார் நிற்காமல் வழுக்கும்போதுதான் ரயரின் நினைவு வரும்.

அப்பார்ட்மென்றில் இருப்பவர்களுக்கு இன்னொரு பிரச்சினை. குளிர்காலத்துக்கு ஒரு செற், கோடைக்கு ஒரு செற் என்று எட்டு ரயர் வாங்கினால் மற்ற நாலையும் எங்கே வைப்பது? வருடத்துக்கு இரண்டு தரம் கழற்றிப் பூட்டக் காசும் வேண்டும், வேலையில் லீவும் வேண்டும். அதனால்தான் வருடம் முழுவதும் பூட்டி வைக்கக்கூடிய “ஓல் வெதர்” ரயர் பற்றிப் பலரும் கேட்கிறார்கள்.

சுருக்கமான பதில் இது: நகரத்துக்குள் ஓடும் பலருக்கு ஓல் வெதர் ரயர் நல்ல தெரிவு. ஆனால் எல்லாருக்கும் அல்ல. மின்சாரக் காருக்கு வாங்கும்போது பெயரையும் விலையையும் மட்டும் பார்த்தால் போதாது. மலைச் சின்னத்தையும் பாரச் சுட்டியையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மூன்று வகை ரயர்கள்

“எல்லாம் ஒண்டுதானே, ஓல் சீசன் எண்டால் எல்லாக் காலத்துக்கும்தானே?” என்று கேட்பவர்கள் பலர். இந்தப் பெயர்தான் ஆட்களை ஏமாற்றுகிறது.

1. ஓல் சீசன்: பெரும்பாலான கார்கள் இந்த ரயரோடுதான் விற்பனைக்கு வருகின்றன. வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனதும் இதன் ரப்பர் இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் வீதியைப் பிடிக்காது. இதில் “எம் பிளஸ் எஸ்” என்ற எழுத்துகள் இருக்கும். சேறு, சினோ என்பதன் ஆங்கில முதல் எழுத்துகள் அவை. அந்த அடையாளம் ரயரில் வெட்டியிருக்கும் கோடுகளின் அமைப்பைப் பார்த்துப் போடப்படுவது. சினோவில் ஓட்டிப் பரிசோதித்து வழங்கப்படுவது அல்ல.

2. ஓல் வெதர்: இதன் ரப்பர் 7 பாகைக்குக் கீழேயும் மென்மையாக இருக்கும், கோடையிலும் கெதியாகத் தேயாது. பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள்ளே ஒரு பனித்துகளும் கொண்ட படம் இருக்கும். இந்தச் சின்னம் கிடைக்க வேண்டுமென்றால், அழுத்தப்பட்ட சினோவில் நடக்கும் இழுவைப் பரிசோதனையில், ஒப்பிடுவதற்கான பொது ரயரை விடக் குறைந்தது 10 வீதம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும்.

3. வின்ரர் ரயர்: இதிலும் அதே மலைச் சின்னம் உண்டு. ஆனால் ரப்பர் இன்னும் மென்மையானது, சின்ன வெட்டுகளும் கூட. கடும் குளிரிலும் ஐஸிலும் இதுதான் சிறந்தது. கோடையில் விட்டு வைத்தால் கெதியாகத் தேய்ந்துவிடும், பிறேக் பிடிக்கும் தூரமும் கூடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. மலைச் சின்னத்துக்கான பரிசோதனை சினோவில் கார் இழுத்துப் புறப்படுவதைத்தான் அளக்கிறது. ஐஸில் நிற்பதை அளப்பதில்லை. “சின்னம் இருக்குத்தானே” என்று வேகமாக ஓடக் கூடாது.

மின்சாரக் காருக்கு ஏன் தனிக் கவனம்?

நிறை: பற்றரியால் மின்சாரக் கார் பாரம் கூடியது. ஹியுண்டாய் கோனாவின் மின்சார மாதிரி, அதன் பெற்றோல் மாதிரியை விட ஏறத்தாழ 300 கிலோ கூட. அந்தப் பாரத்தை நிறுத்துவதும் வளைவில் பிடித்து வைப்பதும் அந்த நாலு ரயர்கள்தான். அதனால் ரயர் தேய்வதும் கூட.

இழுவை: மின்மோட்டார் மிதித்த கணமே முழுப் பலத்தையும் கொடுக்கும். சினோவில் சடாரென்று மிதித்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். மெதுவாக மிதித்துப் பழகினால் பாதுகாப்பும் உண்டு, ரயரும் நீடிக்கும்.

காலை எடுத்தால் பிடிக்கும் பிறேக்: மிதியிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே காரை மெதுவாக்கி, அந்தச் சக்தியைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பும். காய்ந்த வீதியில் இது நல்ல வசதி. ஐஸில், மோட்டார் இழுக்கும் சக்கரங்கள் மட்டும் திடீரென்று பிடிபடுவதால் கார் வழுக்கக்கூடும். உங்கள் காரில் இந்தப் பிடியைக் குறைக்கும் வசதி இருந்தால் வழுக்கும் நாட்களில் குறைத்து வையுங்கள். பற்றரி நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது இந்தப் பிடி தானாகவே குறைந்திருக்கும் என்பதையும் நினைவில் வைத்து, கால் பிறேக்குக்குத் தயாராக இருங்கள்.

ஓடும் தூரம்: குளிரில் மின்சாரக் காரின் தூரம் எப்படியும் குறையும். கனடிய வாகன ஓட்டிகள் சங்கமான சீ.ஏ.ஏ. 2025 பெப்ரவரியில் ஒட்டாவாவிலிருந்து மொன்-ட்ரொம்ப்ளோன் வரை கார்களை ஓட்டிப் பார்த்தது. காருக்குக் கார் 14 முதல் 39 வீதம் வரை தூரம் குறைந்தது. வீதியில் உருள்வதற்குக் கூடிய சக்தி கேட்கும் ரயர் பூட்டினால் இன்னும் கொஞ்சம் குறையும். எனவே ஒரே தரத்தில் இரண்டு ரயர் இருந்தால், உருளும் தடை எதில் குறைவு என்று கடையில் கேளுங்கள். ஆனால் தூரத்துக்காக சினோப் பிடியை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பாரச் சுட்டி: ஒரு சின்ன இலக்கம், பெரிய வித்தியாசம்

சாரதியின் கதவைத் திறந்தால் கதவு நிலையில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். அதில் ரயரின் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். ஓர் உதாரணம்: 235/45R18 98. இதில் 235 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 45 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை வீதம் என்பது. 18 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். கடைசியில் உள்ள 98 தான் பாரச் சுட்டி. ஆங்கிலத்தில் “லோட் இன்டெக்ஸ்” என்பார்கள்.

98 என்றால் ஒரு ரயர் 750 கிலோ தாங்கும். 94 என்றால் 670 கிலோ. 91 என்றால் 615 கிலோ. அளவு ஒன்றாக இருந்தும் பாரச் சுட்டி வேறாக இருக்கும் ரயர்கள் உண்டு. 98 கேட்கும் காருக்கு, விலை குறைவு என்று 94 பூட்டினால் ஒரு ரயருக்கு 80 கிலோ, நாலு ரயருக்கும் 320 கிலோ குறைகிறது. அது நாலு பெரிய ஆட்களின் நிறை. அப்படியான ரயர் சூடேறி வெடிக்கக்கூடும்.

எனவே ஸ்ரிக்கரில் உள்ள இலக்கத்துக்குச் சமமாகவோ கூடவோ வாங்கலாம். குறைய வாங்கவே கூடாது. இலக்கத்தோடு “எக்ஸ் எல்” என்று இருந்தால் அது பாரம் கூடத் தாங்கும் வகை.

“மின்சாரக் காருக்கு எண்டு எழுதின ரயர்தான் வேணுமோ?” என்று கேட்கலாம். கட்டாயமில்லை. சில ரயர்களுக்குள் சத்தம் குறைக்கப் பஞ்சு ஒட்டியிருப்பார்கள். அது சொகுசுக்கானது. சரியான அளவு, சரியான பாரச் சுட்டி, மலைச் சின்னம் மூன்றும் இருந்தால் சாதாரண ஓல் வெதர் ரயரும் பூட்டலாம். நொக்கியன் றெமடி, மிஷலின் குறொஸ்கிளைமேற் 2, ரொயோ செல்சியஸ், பிறிட்ஜ்ஸ்ரோன் வெதர்பீக் என்பவை கனடாவில் கிடைக்கும் ஓல் வெதர் ரயர்கள். ஒன்றைத்தான் வாங்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. உங்கள் அளவில் எது இருக்கிறது என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

யாருக்குப் போதும், யாருக்குப் போதாது?

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் போன்ற இடங்களில், உப்புப் போட்டுத் துப்புரவாக்கும் பெரிய வீதிகளில் ஓடுபவர்களுக்கு ஓல் வெதர் போதும். சினோ கூடுதலாகக் கொட்டும் நாளில் வீட்டில் நிற்கக்கூடியவர்களுக்கும் போதும்.

பின்வருவோர் வின்ரர் ரயர் பூட்டுவதே நல்லது:
- பரி, சட்பரி, தண்டர் பே போன்ற வடக்குப் பக்கங்களில் இருப்பவர்கள் அல்லது அங்கே அடிக்கடி போய் வருபவர்கள்.
- உப்புப் போடமுதலே, இருட்டோடு வேலைக்குப் போகிறவர்கள்.
- எந்தக் காலநிலையிலும் ஓடித்தான் ஆகவேண்டிய சாப்பாட்டு விநியோகம், ராக்சி, பராமரிப்பு வேலை செய்பவர்கள்.
- மேடு பள்ளமான இடத்தில் வீடு உள்ளவர்கள்.

இப்படியானவர்களுக்கு இன்னொரு செற்றை எங்கே வைப்பது என்ற பிரச்சினை இருக்கும். பல ரயர் கடைகள் பருவக் கட்டணத்துக்கு ரயர்களை வைத்துத் தருகின்றன. அந்தக் கட்டணத்தைக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரு விபத்தினால் வேலைக்குப் போக முடியாமல் நிற்கும் நாட்களின் சம்பளத்தையும் கணக்கில் எடுங்கள்.

சட்டமும் காப்புறுதியும்

கியூபெக்: அங்கே பதிவான கார்களில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். மலைச் சின்னம் உள்ள ஓல் வெதர் ரயரைச் சட்டம் ஏற்கிறது. எம் பிளஸ் எஸ் மட்டும் இருந்தால் ஏற்காது. அபராதம் 200 முதல் 300 டொலர், அதற்கு மேல் செலவுகளும் உண்டு. ஒன்ராறியோவிலிருந்து மொன்றியலுக்கு வீடு மாறிக் காரை அங்கே பதிபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் கொலம்பியா: மலைப்பாதைகளிலும் வேறு பல நெடுஞ்சாலைகளிலும் ஒக்ரோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை (சில வீதிகளில் மார்ச் 31 வரை) குளிர்கால ரயர் வேண்டும். இங்கே எம் பிளஸ் எஸ்சும் ஏற்கப்படும். ரயரில் 3.5 மில்லிமீற்றர் ஆழமாவது இருக்க வேண்டும்.

ஒன்ராறியோ: கட்டாயமில்லை. ஆனால் 2016 ஜனவரி 1 முதல் எல்லாக் கார்க் காப்புறுதி நிறுவனங்களும் குளிர்கால ரயருக்குக் கட்டணக் கழிவு கொடுக்க வேண்டும். ஓல் வெதரை அதற்குள் சேர்ப்பார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வாங்கமுதல் முகவரிடம் கேளுங்கள். “மலைச் சின்னம் உள்ள ஓல் வெதர்” என்று தெளிவாகச் சொல்லிப் பதிலை மின்னஞ்சலில் கேளுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இல்லாத ரயரை இருக்கு என்று சொல்லிக் கழிவு எடுக்க வேண்டாம். விபத்து நடந்தால் அது உங்களுக்கே எதிராக வரும்.

கடையில் என்ன கேட்பது?

ஆங்கிலம் தயக்கம் என்றால், கதவு ஸ்ரிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். “ஓல் வெதர், நொட் ஓல் சீசன்” என்று சொல்லுங்கள். பிறகு இவற்றைக் கவனியுங்கள்:

- விலை மொத்தமா? பூட்டுதல், பலன்ஸ் செய்தல், பழைய ரயர் அகற்றுதல், வரி எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். ஒன்ராறியோவில் வாகனத் திருத்த வேலைக்கு எழுத்தில் தந்த மதிப்பீட்டை விட 10 வீதத்துக்கு மேல் கூட்டிக் கேட்கச் சட்டம் இடம் தராது.
- மலைச் சின்னத்தையும் பாரச் சுட்டியையும் பூட்டமுதல் உங்கள் கண்ணால் பாருங்கள்.
- திகதி: டீ.ஓ.ரீ. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நாலு இலக்கங்கள். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது.
- நாலும் ஒரே ரயராக வாங்குங்கள். முன்னுக்கு இரண்டு மட்டும் மாற்றினால் வளைவில் கார் பின்பக்கம் சுழலும்.
- “இது மின்சாரக் கார்” என்று சொல்லுங்கள். பற்றரி காரின் அடியில் இருக்கிறது. ஜக் வைப்பதற்குக் குறித்த இடங்கள் உண்டு. வேறு இடத்தில் வைத்துத் தூக்கினால் பற்றரிப் பெட்டி நசியும். அந்தச் செலவை உங்களால் தாங்க முடியாது.

பாவித்த ரயர் வாங்குவதென்றால் இன்னும் கவனம். ஒன்ராறியோவில் சட்டப்படி 1.5 மில்லிமீற்றர் ஆழம் போதும். ஆனால் 4 மில்லிமீற்றருக்குக் கிட்டத் தேய்ந்த ரயரோடு சினோவில் ஓட வேண்டாம் என்பது கனடியப் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஆலோசனை. ஆழம் அளக்கும் கருவி சில டொலர்தான். பக்கச் சுவரில் வெடிப்போ வீக்கமோ இருந்தால் தொடவே வேண்டாம்.

பூட்டிய பிறகு

1. முதல் 100 கிலோமீற்றருக்குள் திரும்பப் போய் சக்கர நட்டுகளை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.
2. மாதம் ஒரு தரம் காற்று அளவுங்கள். வெப்பநிலை 5 அல்லது 6 பாகை குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 1 பீ.எஸ்.ஐ. குறையும். செப்ரெம்பரில் 20 பாகையில் அடித்த காற்று, ஜனவரியில் மைனஸ் 15 ஆகும்போது 6 பீ.எஸ்.ஐ. வரை குறைந்திருக்கும். கதவு ஸ்ரிக்கரில் உள்ள அளவுக்கு, கார் ஓடமுதல், ரயர் குளிராக இருக்கும்போது அடியுங்கள்.
3. ஒவ்வொரு 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கும் முன் பின் ரயர்களை மாற்றிப் பூட்டுங்கள்.
4. பல மின்சாரக் கார்களில் மேலதிக ரயர் இல்லை. உங்கள் காரில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே பின்பெட்டியைத் திறந்து பாருங்கள்.

ஒக்ரோபர் கடைசியில் கடைகளில் கூட்டம், உங்கள் அளவும் முடிந்துவிடும். செப்ரெம்பரிலேயே கதவு ஸ்ரிக்கரைப் பார்த்து விலை கேட்கத் தொடங்குங்கள்.

கடை தந்த மதிப்பீட்டையோ காப்புறுதிக் கடிதத்தையோ வாசிக்க உதவி தேவையென்றால் எங்கள் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். தமிழில் விளங்கப்படுத்துவோம். அதற்குக் கட்டணம் இல்லை. எதிலும் கையெழுத்து வைக்கமுதல் வருவது நல்லது.